நிலம் சூழ்ந்த கடல்

கடல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கரை காணாத நீர்ப்பரப்பே நம் மனக்கண்முன் விரிகிறது. ஆயின், நிலத்தால் சூழப்பட்டு, உலகப் பெருங்கடலிலிருந்து விலகிக் கிடக்கும் கடல்களும் இறைவனின் படைப்பில் உள்ளன. சாக்கடலை அரபு மக்கள் ‘பஹ்ரு லூத்’ என்பர். லூத் நபி (அலை) அவர்களின் சமூகத்தார் அழிந்த வரலாற்றைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பெயர் புதிதன்று. நிலம் சூழ்ந்த நீர்நிலைகளுள் உலகிலேயே பெரியதான கஸ்பியன் கடலை அரபு நூலோர் ‘பஹ்ருல் கஸர்’ என்றனர். அது வேறு கடல்களோடு ஏதேனும் ஒரு வழியால் இணைந்திருக்கிறதா என்பது பண்டைக்காலத்தில் பெரும் புதிராக இருந்தது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அல் மஸ்ஊதி, அக்கடலில் கலம் செலுத்திய வணிகர்களையும் மாலுமிகளையும் விசாரித்தறிந்து, அது எக்கடலோடும் இணையாத தனிக்கடல் என்று எழுதி வைத்தார். ஏட்டில் இருந்ததை அப்படியே ஏற்காமல், நீரைத் தொட்டு வாழ்பவனிடம் கேட்டு எழுதிய அந்த நேர்மை போற்றத்தக்கது.

அத்தகைய உள்நாட்டுக் கடலைக் காண நாம் கஸ்பியனுக்கோ பாலஸ்தீனத்துக்கோ போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் மின்தொடர் வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கிழக்கு நோக்கிச் சென்றால் போதும். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், ஆந்திர எல்லையைத் தாண்டி வடக்கே நீண்டு கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஏரி என்று பெயர் பெற்றிருந்தாலும் அது மழைநீரைத் தேக்கும் ஏரியன்று. கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் காயல் அது. காயல் என்ற சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தெற்கே காயல்பட்டினம் என்னும் ஊர்ப்பெயரிலேயே அது நம் சமுதாயத்தின் நாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது.

நாம் பல ஆண்டுகளாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஓரத்தில் வாழ்ந்து வருகிறோம். ‘சிப்காட்’ ஆலைகளுக்கு நாள்தோறும் வந்து போகும் பல்லாயிரம் தொழிலாளருள், தாம் வேலை செய்யும் இடத்திற்குச் சற்றுக் கிழக்கே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் கிடக்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வடக்குத் தெற்காக இதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரம். சில இடங்களில் 17 கிலோமீட்டருக்கும் மேல். கோடையில் 250 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் இந்நீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திற்கு உரியது. தெற்கிலுள்ள சிறு பகுதியே தமிழகத்தைச் சேர்ந்தது. ஆயினும் அந்தச் சிறு பகுதியில்தான் இவ்வேரி கடலைச் சந்திக்கும் முதன்மையான முகத்துவாரம் இருக்கிறது. உடல் அவர்களிடம், வாய் நம்மிடம் என்று சொல்லலாம்.

இவ்வளவு பரந்த நீர்நிலையின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்றால் நம்புவது கடினம். கரையிலிருந்து நோக்குபவர் கண்ணுக்குக் கடலாகத் தோன்றும் பரப்பின் நடுவே, மீனவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருப்பார். இத்தனை குறைந்த ஆழத்தில் இத்தனை உயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பது இவ்வேரியின் முதல் புதிர்.

அப்புதிரை அவிழ்க்க இது பிறந்த கதையை அறிதல் வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகின் பல பகுதிகளில் பனி உறைந்து கிடந்த காலத்தில் கடல்மட்டம் இன்றிருப்பதைவிட மிகத் தாழ்ந்திருந்தது. பனி உருகியபோது கடல் உயர்ந்து நிலத்தின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. சுமார் 6000, 7000 ஆண்டுகளுக்கு முன் அவ்வுயர்வு தணிந்தபின், அலைகளும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து குவித்து நீண்ட மணல்திட்டுகளை உருவாக்கின. அத்திட்டுகளுக்குப் பின்னே அகப்பட்டுக்கொண்ட கடலின் ஒரு துண்டே பழவேற்காடு. சேற்றைத் தோண்டினால் கிளிஞ்சல்களும் சிப்பி ஓடுகளும் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே சுவர்போல் நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அவ்வாறு எழுந்த மணல்மேடுதான்.

தெற்கே ஆரணியாறு, வடமேற்கே காளங்கியாறு, வடகோடியில் சுவர்ணமுகியின் கிளை ஆகியவை இவ்வேரிக்கு நன்னீர் தருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது ஆறுகள் பெருகி ஏரிநீர் ஏறத்தாழ நன்னீராகிவிடுகிறது. கோடையிலோ ஆறுகள் வறள, வெயில் நீரைக் குடிக்க, வடபகுதியில் உப்பு கடலையும் விஞ்சிவிடுகிறது. ஓராண்டுக்குள் ஆறாகவும் கடலாகவும் உப்பளமாகவும் மாறி மாறி வேடம் பூணும் நீர்நிலை இது.

இந்த மாற்றத்தை ஒட்டியே இங்குள்ள உயிர்களின் வாழ்வு அமைந்திருக்கிறது. இறாலை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் முட்டையிடுவது ஆழ்கடலில். கண்ணுக்குப் புலப்படாத அதன் குஞ்சுகள் ஓதநீரோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைகின்றன. அலையில்லாத, உணவு மிகுந்த, பெருமீன்களின் தொல்லை குறைந்த இந்த ஆழமற்ற நீரில் அவை வளர்கின்றன. பருவம் வந்ததும் அதே வாய்வழியே மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் சேற்று நண்டும் இதே வழக்கத்தையே தத்தம் முறையில் பின்பற்றுகின்றன. கடல் கருவுறுகிறது, காயல் வளர்த்தெடுக்கிறது. பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் இணைக்கும் ஒற்றையடிப் பாதையாக முகத்துவாரம் விளங்குகிறது. ஆழமற்ற நீரில் இத்தனை உயிர்கள் எங்ஙனம் என்ற வினாவிற்கு விடை இதுவே. ஏரியின் வளம் அதன் ஆழத்தில் இல்லை. அதன் வாயில் இருக்கிறது.

இனிய நீரும் உவர் நீரும் அருகருகே ஓட, இரண்டிற்கும் இடையே ‘பர்ஸக்’ என்னும் தடுப்பை இறைவன் வைத்திருக்கும் அற்புதத்தைத் திருமறையின் ஃபுர்கான், அர்ரஹ்மான் அத்தியாயங்கள் நமக்கு நினைவூட்டுகின்றன. அவ்வசனங்களுக்குப் பேரறிஞர்கள் பலவாறு விளக்கம் தந்துள்ளனர். அவ்விளக்கங்களுக்குள் புகும் தகுதி நமக்கில்லை. ஆனால் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நின்று, ஒருபுறம் பச்சைநீலக் கடலும் மறுபுறம் பழுப்பு நிறக் காயலும் மணல்திட்டால் பிரிந்தும் ஓதத்தால் கலந்தும் இருப்பதைக் காணும்போது, பிரிவுக்கும் உறவுக்கும் ஓர் அளவு வைத்த அந்தப் பேரறிவின் முன் உள்ளம் தானே பணிகிறது. தடுப்பு இல்லையேல் காயல் இல்லை, கடலே இருக்கும். தடுப்பு முழுவதும் அடைபட்டாலும் காயல் இல்லை. உப்புச் சேறே எஞ்சும்.

குளிர்காலத்தில் இங்கு வரும் பூநாரைகளைக் காணவே வெளியூரார் பலர் வருகின்றனர். நெட்டைக் கால்களை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்து அவை உணவு தேடும் காட்சி பேரழகு. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வருவதன்று. உண்ணும் பாசியிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் சிறகில் ஏறுவது அந்நிறம். ஆகவே பூநாரையின் சிறகில் நாம் காண்பது அது மேய்ந்த நீரின் நிறமே. சூளூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, இவ்வேரியின் மீனையே ஊட்டி வளர்க்கின்றன. ஆந்திர அரசு 1976இலும் தமிழக அரசு 1980இலும் தத்தம் பகுதிகளைப் பறவைகளின் சரணாலயமாக அறிவித்தன.

பறவைகளுக்கு இரை பங்கிட்ட இறைவன் மனிதருக்கும் இந்நீரில் பங்கு வைத்தான். அதைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள இங்குள்ள மீனவர்கள் வகுத்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் மீன் மிகுதியாகக் கிட்டும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டியே உள்ளன. அவ்விடங்களில் இன்ன நாளில் இன்ன ஊரார், இன்னார் வலை விரிக்கலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றனர். இன்று நல்ல இடம் பெற்றவருக்கு நாளை வேறிடம். வலியவன் வாரிக்கொள்ளவும் எளியவன் ஏங்கி நிற்கவும் இடமில்லாத ஏற்பாடு அது. அம்முறைக்கு வெளியே நிற்போரின் மனக்குறைகளும் அவ்வப்போது எழும் பூசல்களும் இல்லாமலில்லை. வலையுமின்றி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பானையில் சேர்க்கும் இருளர் குடும்பங்களும் இந்நீரை நம்பியே உள்ளன. எனினும், எழுதப்படாத சட்டம் ஒன்று பன்னெடுங்காலம் ஒரு நீர்நிலையைச் சண்டைக்காடாகாமல் காத்து வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இவ்வாய்வழியே வந்த மனிதர்களின் வரலாற்றைக் காண்போம். பழமையான வேலமரக்காடு என்பதால் பழவேற்காடு எனப் பெயர் வந்தது என்பர். தெலுங்கு மக்கள் இவ்வேரியைப் பிரளய காவேரி என்றழைத்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, இங்கு முஸ்லிம்களும் இந்துக்களும் பெருவணிகம் செய்ததையும், இங்கிருந்து அச்சிட்ட பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் சென்றதையும் குறித்துள்ளார். ஐரோப்பியர் காலூன்றுமுன்பே நம் முன்னோர் இத்துறையில் நிலைபெற்றிருந்தனர் என்பதற்கு அயலவரின் அந்த எழுத்தே சான்று.

அம்முன்னோர் எப்போது வந்தனர்? பழவேற்காட்டு முஸ்லிம்களிடையே ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அரபு நாட்டில் அன்றைய ஆட்சியாளருக்குக் கப்பம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தப்பட்ட ஒரு கூட்டத்தார், நான்கு மரக்கலங்களில் ஏறி இக்கரை சேர்ந்தனர் என்பது அது. வரலாற்று ஆய்வாளரின் உரைகல்லில் அது எவ்வளவு நிற்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீதிக்காக நாடு துறந்தோம் என்று தம் பிறப்பைத் தாமே சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்ல விரும்பியது என்பதை அச்செய்தி காட்டுகிறது. அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இங்கும் வழங்கியது. சூரியனின் நிழல் கொண்டு தொழுகை நேரம் அறியும் நிழற்கடிகாரம் ஒன்று இவ்வூர்ப் பள்ளிவாசலில் உள்ளது. பனையோலையைச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையுமாகப் பின்னும் கைத்திறன் இவ்வூர் முஸ்லிம் பெண்மணிகளிடம் இன்றும் வாழ்கிறது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் வந்தனர். 1613இல் அவர்கள் இங்கு ஜெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையிலிருந்த டச்சு வணிகம் அனைத்தும் பழவேற்காட்டிலிருந்தே ஆளப்பட்டது. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் பெறுவதற்கு அங்குள்ளோர் கேட்டது நம் கரையின் துணியையே. ஆதலின் ஐரோப்பியரின் சமையலறை மணத்திற்கும் நம் நெசவாளரின் தறிக்கும் நடுவே இந்தக் காயல் கிடந்தது. வெடிமருந்தும் இங்குச் செய்யப்பட்டு பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டது.

துணியும் மருந்தும் மட்டுமா சென்றன? பஞ்சத்தாலும் போராலும் நலிந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டு, இதே முகத்துவாரம் வழியே, இன்று ஜகார்த்தா என வழங்கும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் மனித வாழ்வின் நிலையாமையை உணர்த்த வைக்கப்பட்டவை. உள்ளே செல்வர்களின் கல்லறைகள் எழுத்தும் சின்னமுமாக, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் நிற்கின்றன. கப்பலேறிப் போன அடிமைகளுக்கு ஒரு கல்லும் இல்லை. அவர்கள் பெயரை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

ஏரியின் வடகோடியை அடுத்த ஆர்மகானில் 1626இல் ஆங்கிலேயர் ஒரு கோட்டை கட்டினர். அங்குத் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே தெற்கே வந்து தேர்ந்த மணற்கரையில்தான் 1639இல் சென்னைக்கு வித்திடப்பட்டது. சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு. பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் வழியே விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இவ்வேரியிலிருந்து சென்னைக்குச் சென்றன. ஒருகாலத்தில் உலகுக்குத் துணி அளித்த துறை, பிறகு தலைநகரின் அடுப்புக்கு விறகு அளித்தது.

ஆனாலும் அதன் பெயர் அழியவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உடுத்திச் சென்ற கட்டம் போட்ட கைலியை எண்ணிப் பாருங்கள். பாளையக்காட் என்றும் பலேக்காட் என்றும் வாய்க்கு வாய் மாறி வழங்கும் அக்கைலியின் பெயர் பழவேற்காட்டின் பெயரே. மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டக்கைலியை அவர்கள் ‘கைன் பெலேக்காட்’ என்கின்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த நம் உறவினர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த கைலி, ஒருவகையில் தன் தாய்வீட்டிற்கே திரும்பி வந்தது. ஆங்கில அகராதியிலும் இவ்வூர்ப் பெயர் ஒருவகைக் கைக்குட்டையின் பெயராக இடம்பெற்றுள்ளது. உடுத்துபவர் கோடி, அது எந்த ஊர் என்று கேட்பவர் எத்தனை பேர்?

நம் காலத்தில் இவ்வேரிக்கு வேறொரு புகழும் வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9ஆம் நாள் ஏவப்பட்டது. 1980 ஜூலை 18ஆம் நாள், எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனான ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 2023இல் சந்திரனின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 புறப்பட்டதும் இத்தீவிலிருந்தே. மரக்கலத்தில் வந்த சமூகத்தின் காயற்கரையில், மரக்கலம் கட்டியவரின் மகன் விண்கலம் செலுத்தினார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு விம்முகிறது.

இத்தனை பெருமைகளுக்கும் உரிய அந்த வாய், இன்று அடைபடும் நிலையில் இருக்கிறது என்பதே நாம் கூறவந்த செய்தி. சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலுக்குள் கல்லடுக்கி எங்கே குறுக்கே நின்றாலும் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிபடும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் மெரினா மணற்பரப்பு விரிந்ததும், வடக்கே இராயபுரக் கரை கடலுக்கு இரையானதும் இதனாலேயே. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. காட்டுப்பள்ளியை மேலும் விரிவாக்கும் திட்டம் பழவேற்காட்டு மீனவரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வடக்கே, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை நீரோட்டத்தை இரண்டாக வெட்டியது. மேற்கே ஆற்றுநீர் அணைகளிலும் ஏரிகளிலும் தேங்கியதுபோக எஞ்சியதே வந்து சேர்கிறது. ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதோடு கலக்கின்றன. நன்னீர் குறைந்து, ஓதம் தளர்ந்தால், முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது.

அண்மையில் நாம் குடும்பத்தோடு பழவேற்காடு சென்றிருந்தபோது, படகோட்டிய முதியவரிடம் இதுபற்றிக் கேட்டோம். “வாய் அடைச்சிக்கினா ஏரி செத்துடும் பாய். மீனு எங்கேர்ந்து வரும்? தொறந்துவிட்டா நாலே நாள்ல எல்லாம் வந்துடும். அதுக்கு நாம சோறு போட வேணாம், தண்ணி ஊத்த வேணாம். வழி விட்டாப் போதும்” என்றார் அவர். முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளில் ஊரார் தாமே கூடி மணலை வெட்டி வழி திறந்ததையும் சொன்னார். கடலையும் காயலையும் பற்றி நாம் படித்த அனைத்தும் அந்தச் சில சொற்றொடர்களில் அடங்கியிருந்தன. அல் மஸ்ஊதி இருந்திருந்தால் இவரிடம்தான் கேட்டிருப்பார். வாய் அடைபடாமலிருக்கக் கற்சுவர் அமைக்கும் பணியை அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது. அது நல்ல முயற்சி. ஆயினும் மணலின் போக்கையும் ஆற்றின் வரவையும் கருதாமல் வாயை மட்டும் கல்லால் காத்துவிட முடியுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

வழி அடைத்தால் ஒரு கடலே சாகும் என்பதற்கு நம் வாழ்நாளிலேயே சான்று உண்டு. அரபு நூலோர் கவாரிஸ்மின் கடல் என்றழைத்த ஆரல் கடல் 1960 வரை உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்நிலையாக இருந்தது. அல்ஜீப்ராவைத் தந்த அல் கவாரிஸ்மியின் பெயரில் ஒட்டியிருப்பது அந்நாட்டின் பெயரே. அல் பீரூனி பிறந்ததும் அந்நாட்டிலேதான். ஜைஹூன், ஸைஹூன் என்று பழைய நூல்களில் நாம் படிக்கும் இரு பேராறுகளே அக்கடலை ஊட்டின. பருத்தி விளைவிக்கவென்று சோவியத் அரசு அவ்விரு ஆறுகளின் நீரையும் வாய்க்கால்களில் திருப்பியது. அரை நூற்றாண்டுக்குள் கடலில் பத்தில் ஒரு பங்களவே எஞ்சியது. மொய்னாக் என்னும் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உப்புப் புழுதி காற்றில் பறந்து மக்களுக்கு நோயைக் கொணர்ந்தது. எனினும் 2005இல் வடபகுதியில் ஓர் அணை கட்டி ஸைஹூனின் நீரை நிறுத்தியபோது, அச்சிறு பகுதியில் நீர் உயர்ந்தது, மீனும் திரும்பியது. அங்கும் பருத்தி, இங்கும் பருத்தி. ஆனால் பழவேற்காட்டின் துணி நீரைக் கொல்லாமல் உலகை அடைந்தது; ஆரலின் பருத்தி தன் கடலையே விலையாகக் கேட்டது.

தொழில்கள் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் நம் இளைஞர் பலருக்கு உணவளிக்கின்றன. நம் வீட்டு அடுப்பும் அதனால் எரிகிறது. ஆனால் ஆலையில் ஒரு வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஏழாயிரம் ஆண்டுகளில் உருவான காயல் போனால் எந்தத் தொழிற்பேட்டையும் அதைச் செய்து தராது. மனிதன் பூமியின் உரிமையாளன் அல்லன், பொறுப்பேற்றவன். பூமி அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே நம் மார்க்கத்தின் போதனை. அமானிதத்தில் கைவைப்பவனை நாம் என்னவென்று சொல்வோம் என்பது வாசகர் அறிந்ததே.

நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களிடமும் பள்ளிவாசல்களிலும் உள்ள பழைய ஏடுகளையும் அரபுத்தமிழ்ச் சுவடிகளையும் படியெடுத்துக் காப்பது நம் சமுதாயக் கல்லூரிகளின் கடமை. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, தம் தாத்தாவின் கைலிக்குப் பெயர் தந்த ஊரையும், பூநாரைகளையும், நிழற்கடிகாரத்தையும் காட்டுவது பெற்றோரின் கடமை. அங்குள்ள பெண்கள் பின்னிய ஓலைப்பெட்டி ஒன்றையேனும் விலை பேசாமல் வாங்கி வருவது நன்மை. துறைமுகமோ ஆலையோ புதிதாக வரும்போது அரசு நடத்தும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில், மீனவரோடு நாமும் சென்று அமர்ந்து, அறிந்ததை அமைதியாக எடுத்துரைப்பது எல்லாவற்றினும் தலையாய கடமை. அவர்கள் பிரச்சினை நமக்கென்ன என்றிருத்தல் முறையன்று. நம் முன்னோரின் மரக்கலம் நுழைந்த அதே வாய்வழியேதான் அவர்களின் இறாலும் நுழைகிறது.

கடலுக்கும் காயலுக்கும் இடையே இறைவன் திறந்துவைத்த அந்தச் சிறு வழியை அடைக்காமல் காக்கும் நல்லறிவையும், அதை நம்பி வாழும் எளியோருக்குத் துணைநிற்கும் நெஞ்சுரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.